ஆமைக்கு உடல் இருந்தது

1968-69 கல்வியாண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில், மஸி ஜூனியர் ஹைஸ்கூலின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேருக்கு வழக்கமான கணக்குப் பாடம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வருடம் முழுக்க அவர்கள் ஒரு கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுத்தார்கள். அவர்களுக்கு முன்னால் திரை எதுவும் இல்லை. டெலிடைப் என்ற, தட்டச்சு மெஷின் போன்ற ஒன்றுதான் இருந்தது. அதில் தட்டினால் தாளில் அச்சாகும். தொலைபேசிக் கம்பியின் மறுமுனையில் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர், தன் பதிலை அதே தாளில் அடித்து அனுப்பும்.

அவர்கள் பயன்படுத்திய மொழியின் பெயர் லோகோ. அதற்கு முந்தைய வருடம், 1967-ல், போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன், டேனியல் போப்ரோ, எம்ஐடியிலிருந்து வந்த சீமோர் பேப்பர்ட் ஆகியோர் சேர்ந்து உருவாக்கிய மொழி. கிரேக்கத்தில் 'லோகோஸ்' என்றால் சொல். பெயருக்கு ஏற்ற மாதிரி, முதல் லோகோவில் சொற்களும் வாக்கியங்களும்தான் இருந்தன. படம் கிடையாது. ஆமையும் கிடையாது.

இன்று லோகோ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஆமை மட்டும்தான். பள்ளியில் கம்ப்யூட்டர் பீரியடில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி லேபுக்குள் போய், ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் போட்டுவிட்டு வந்த தலைமுறை நாங்கள். அந்த ஆமை எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, வழியில் எதைத் தொலைத்தது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

*

சொற்களால் ஆன லோகோவிலும் நல்ல விஷயங்கள் நடந்தன. பேப்பர்ட் 1980-ல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் ஜென்னி என்ற 13 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதுகிறார். இலக்கணம் என்றாலே ஒதுங்கும் பிள்ளை. கம்ப்யூட்டர் தானாகவே சொற்களைப் பொறுக்கி வாக்கியம் அமைக்கும்படி ஒரு புரோகிராம் எழுத முயன்றாள். எல்லாச் சொற்களையும் ஒரே கூடையில் போட்டால் வருவது உளறல். சில சொற்களைத் தனிக் கூடையிலும் மற்ற சிலவற்றை இன்னொரு கூடையிலும் போட்டு, எந்தக் கூடையிலிருந்து எப்போது எடுக்க வேண்டும் என்று சொன்னால்தான் வாக்கியம் மாதிரி ஒன்று வருகிறது. பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற பிரிவினை எதற்கு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. இத்தனை வருடமாக டீச்சர் சொல்லியும் ஏறாதது, கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நெருக்கடி வந்ததும் ஏறியது.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் சொல் வழியாக உள்ளே வருகிறவர்கள் இல்லை. இது பேப்பர்ட்டுக்குத் தன் வாழ்க்கையிலிருந்தே தெரியும். 1928-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். பேசப் பழகும் வயதிலேயே கார் பாகங்கள் மீது பைத்தியம். பல்சக்கரங்களை மனசுக்குள் சுழற்றிப் பார்ப்பது அவருடைய விளையாட்டு. பிற்பாடு பெருக்கல் வாய்ப்பாட்டையும் சமன்பாட்டையும் சக்கரங்களாகவே புரிந்துகொண்டதாக எழுதியிருக்கிறார். இந்தப் பல் இத்தனை சுற்று சுற்றினால் அந்தப் பல் எத்தனை சுற்று சுற்றும்? விடையைக் கண்டுபிடிக்க அவர் தானே சக்கரமாகி ஒரு சுற்று வந்தால் போதும். பிறகு நிறவெறி எதிர்ப்பு அரசியல், கேம்பிரிட்ஜில் கணித ஆய்வு, ஜெனீவாவில் ஜான் பியாஜேயுடன் 1958 முதல் 1963 வரை ஐந்து வருடம். குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது, யாரும் ஊற்றி நிரப்புவதில்லை என்பது பியாஜே தந்த பாடம். எதைக் கொண்டு கட்டுகிறது என்பது பேப்பர்ட் சேர்த்த கேள்வி. அவருக்குக் கையில் பல்சக்கரம் கிடைத்தது. கிடைக்காத பிள்ளை எதை வைத்துக் கட்டும்?

ஆமை அந்தக் கேள்விக்கான பதில். எல்லாப் பிள்ளைக்கும் பல்சக்கரம் பிடிக்காது, ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் உடல் இருக்கிறது. நடக்கவும் திரும்பவும் தெரியும். அதையே கருவியாக்கினால் என்ன?

பெயர் பிரிட்டனிலிருந்து வந்தது. 1948-49 வாக்கில் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் எல்மர், எல்சி என்று இரண்டு சின்ன ரோபோக்கள் செய்திருந்தார். ஓடு போட்டு மூடிய, வெளிச்சத்தைத் தேடி மெதுவாக ஊர்ந்து போகும் மெஷின்கள். அவற்றை அவர் ஆமைகள் என்றே அழைத்தார். அந்த ஞாபகத்தில் லோகோ குழுவின் ரோபோவும் ஆமையானது. 1970 வாக்கில் எம்ஐடியில் தரையில் ஓடிய அந்த ஆமை, சக்கரம் வைத்த கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். பின்னால் நீளமான கேபிள். வயிற்றுக்கு அடியில் ஒரு பேனா. பேனாவை இறக்கினால் போகிற வழியெல்லாம் கோடு விழும், தூக்கினால் விழாது. தரையில் பெரிய தாளை விரித்துவிட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

அதற்குப் புரிந்தது கொஞ்சம்தான். 'ஃபார்வர்ட் 100' என்றால் 100 அடி வைத்து முன்னால் போகும். 'ரைட் 90' என்றால் நின்ற இடத்திலேயே வலது பக்கம் 90 டிகிரி திரும்பும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நான்கு முறை சொன்னால் ஒரு சதுரம்.

*

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். யூக்ளிடின் புள்ளியை நினைத்துப் பாருங்கள். அதற்கு இடம் உண்டு, வேறெதுவும் கிடையாது. டெகார்ட்டின் வரைபடத்தில் அந்த இடத்துக்கு இரண்டு எண்கள் வந்தன, அவ்வளவுதான். ஆமைக்கு இடத்தோடு கூட முகமும் இருக்கிறது. எங்கே நிற்கிறது என்பதோடு, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் சேர்ந்ததுதான் அதன் நிலை. நமக்கும் அப்படித்தான். அதனால்தான் ஆமையின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க முடிகிறது. யாரும் தன்னை ஒரு ஆயத்தொலைவாக நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒரு உதாரணம். அக்கா மகள் ஏழாம் வகுப்பு. சமபக்க முக்கோணம் வரைய உட்கார்ந்தாள். கோணம் 60 என்று கொடுத்தாள். திரையில் முக்கோணம் வரவில்லை, பாதியில் விட்ட ஆறுகோணம் மாதிரி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"மாமா, 60 டிகிரி தானே? புக்குல அப்படித்தான் போட்டிருக்கு."

"புக்குல சரியாத்தான் இருக்கு. வா, மொட்டை மாடிக்குப் போலாம்."

சாக்பீஸால் ஒரு முக்கோணம் போட்டு அதன் மேல் நடக்கச் சொன்னேன். முதல் மூலை வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள். கொஞ்சமாகத் திரும்பினால் கோட்டை விட்டு விலகிவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது. வந்த பக்கத்தையே பார்க்கிற அளவுக்கு, கிட்டத்தட்ட முதுகைத் திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது.

"இது 60 இல்ல மாமா. 90-ஐ விடவே ஜாஸ்தி."

"அப்ப 60 எங்க இருக்கு?"

காலுக்குக் கீழே பார்த்தாள். "உள்ள இருக்கு. நான் வெளியிலல்ல திரும்புறேன்."

முக்கோணத்தின் உட்கோணம் 60, வெளிக்கோணம் 120. இது ஏழாம் வகுப்புக் கணக்குதான், அவள் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் அந்தப் பாடத்தில் வெளிக்கோணம் என்பது கோட்டை நீட்டினால் கிடைக்கும் ஒரு துண்டு. மொட்டை மாடியில் அது அவள் உடம்பு திரும்பிய அளவு. மூன்று மூலையும் முடித்து வந்தபோது, புறப்பட்ட திசையையே பார்த்து நின்றாள். ஆக மொத்தம் ஒரு முழுச் சுற்று, 360. மூன்றால் வகுத்தால் 120. ஐங்கோணத்துக்கு 72, ஆறுகோணத்துக்கு 60 என்று அதற்குப் பிறகு அவளே சொல்லிக்கொண்டு போனாள். எத்தனை பக்கம் இருந்தாலும் சரி, சுற்றி வந்து பழைய திசைக்கே திரும்பினால் மொத்தத் திருப்பம் 360. ஹெரால்ட் ஏபல்சனும் ஆண்ட்ரியா டிசெஸாவும் 1981-ல் எழுதிய 'டர்ட்டில் ஜியாமெட்ரி' என்ற புத்தகம் இந்தப் புள்ளியில் தொடங்கி, வளைந்த பரப்புகளின் கணிதம், ஐன்ஸ்டீனின் சார்பியல் வரைக்கும் போகிறது.

வட்டமும் இதேதான். ஒரு அடி முன்னால், ஒரு டிகிரி வலப்பக்கம், இதை 360 முறை. ஆமைக்கு மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆரம் என்றால் என்னவென்றும் தெரியாது. ஒவ்வொரு அடியிலும் ஒரே அளவு வளைகிறது, அவ்வளவுதான். வட்டத்தை இப்படி உள்ளிருந்து, போகிற போக்கில் பார்ப்பது கல்லூரியில் வகைக்கெழு வடிவியல் படிக்கும்போதுதான் நமக்கு அறிமுகமாகும். ஆமை அதை ஏழாம் வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டது.

*

சதுரம், முக்கோணம் இரண்டையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. லோகோவில் ஒன்றைக் கற்றுக்கொடுத்துப் பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயர் மொழியில் சேர்ந்துவிடும். பிறகு 'ஃபார்வர்ட்' மாதிரியே அதுவும் ஒரு சொல். சரி, இப்போது வீடு வரையலாம். சதுரம், மேலே முக்கோணம். பிள்ளைகள் 'சதுரம்' என்று ஒரு வரி, அடுத்து 'முக்கோணம்' என்று ஒரு வரி எழுதுவார்கள். ஓட்டிப் பார்த்தால் கூரை வீட்டுக்குள் சாய்ந்து விழுந்து கிடக்கும்.

'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் வரும் இந்த விழுந்த கூரை, என்னைப் பொறுத்தவரை, புரோகிராமிங் கற்பிப்பதில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட மிக நல்ல தவறு. சதுரம் சரி. முக்கோணமும் சரி. இரண்டையும் சேர்த்தால் தப்பு. சதுரத்தை முடித்த ஆமை, தொடங்கிய கீழ் மூலையிலேயே மேலே பார்த்து நிற்கிறது. அங்கிருந்தே முக்கோணத்தைத் தொடங்கிவிடுகிறது. நடுவில் யாரோ அதை 100 அடி மேலே கூட்டிப்போய், 30 டிகிரி வலப்பக்கம் திருப்பி நிறுத்தியிருக்க வேண்டும். அதைச் செய்தால் கூரை சுவரின் மேல் போய் உட்காரும்.

மென்பொருள் வேலையில் நான் பார்க்கிற பிழைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். இவர் எழுதிய பகுதி தனியாக ஓடுகிறது, அவர் எழுதியதும் தனியாக ஓடுகிறது. சேர்த்தால் கூரை விழுகிறது. முதல் பகுதி வேலையை முடித்தபோது உலகத்தை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போனது என்று அடுத்தவர் கேட்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு போனில் கூப்பிட்டு எழுப்பிவிடும் பிழைகளை இதற்கு மேல் விளக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆமை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது?

பேப்பர்ட்டின் வகுப்பறையில் அந்த விழுந்த கூரைக்கு மார்க் குறையாது. பள்ளியில் தப்பு என்றால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, அத்தோடு கதை முடிந்தது. இங்கே தப்புதான் கதையின் தொடக்கம். எங்கே பிசகியது என்று தேடிப் போவதுதான் பாடம். அந்தத் தேடலில், பிள்ளை தான் யோசித்த விதத்தையே திரும்பிப் பார்க்கிறது. பேப்பர்ட் கம்ப்யூட்டரை வகுப்புக்குள் கொண்டுவந்ததே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். படம் ஒரு சாக்கு.

அதே எம்ஐடியில் 1970களில் ரேடியா பெர்ல்மன் என்ற மாணவி, எழுதப் படிக்கத் தெரியாத மழலைகளும் ஆமையை ஓட்டும்படி பட்டன்கள் வைத்த பெட்டி ஒன்றைச் செய்தார். பிறகு துளைகளில் அட்டைகளை வரிசையாகச் செருகி புரோகிராம் எழுதும் ஒரு மெஷின். மூன்றரை வயதுப் பிள்ளைகளும் அதில் விளையாடினார்கள். பிற்பாடு 1985-ல், நெட்வொர்க்குக்குள் தகவல் சுற்றிச் சுற்றி வந்து மாட்டிக்கொள்ளாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ புரோட்டோகாலை உருவாக்கியவரும் இவர்தான்.

*

ஆமைக்கும் நம் வாசலுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1974-ல் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளாக எழுதும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பொருத்தினால் சின்னக் கோலம் பெரிய கோலமாக விரியும். ஏறக்குறைய அதே காலத்தில், செடிகளின் வளர்ச்சியை விவரிக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-ல் உருவாக்கிய எழுத்துமுறை ஒன்றும் புழக்கத்துக்கு வந்திருந்தது. 1980களில் ப்ரெமிஸ்லா ப்ருசின்கீவிச் இந்த இரண்டு பக்கத்தையும் ஆமையால் இணைத்தார். எழுத்துச் சரத்தில் ஒரு எழுத்து வந்தால் ஆமை ஒரு அடி முன்னால் போகும், கூட்டல் குறிக்கு ஒரு பக்கம் திரும்பும், கழித்தல் குறிக்கு மறுபக்கம். அப்படி அவர் வரைந்து காட்டியவற்றில் செடிகளோடு கோலங்களும் இருந்தன, கிருஷ்ணனின் கால் சலங்கை என்று பெயர் கொண்ட ஒன்று உட்பட.

இது தற்செயலாகத் தெரியவில்லை. சிக்குக் கோலம் போடுகிறவரைப் பாருங்கள். புள்ளி வைத்தபின் அவர் எதையும் அளப்பதில்லை. இந்தப் புள்ளியைச் சுற்றி வளை, அடுத்ததன் பக்கவாட்டில் போ, இங்கே திரும்பு. கை ஒரு ஆமை. இழை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடிக்கொண்டால் கோலம் சரி. மூடவில்லை என்றால் எந்தத் திருப்பத்தில் விட்டோம் என்று கண் பின்னோக்கிப் போகும். மனப்பாடம் செய்த படம் ஒன்றை அவர் நகலெடுப்பதில்லை, நடையை ஞாபகம் வைத்திருக்கிறார். உடலால் யோசிப்பது என்று பேப்பர்ட் சொன்னது நம் ஊரில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே ஏற்கெனவே இருந்தது, அதற்கு யாரும் கணக்கு என்று பெயர் வைக்கவில்லை.

*

பிறகு ஆமை பெருகியது. தரையில் ஓடும் ரோபோவுக்குக் காசு அதிகம், அடிக்கடி மக்கர் செய்யும். திரையில் ஓடும் ஆமைக்கு அந்தத் தொல்லை இல்லை. 1980களின் தொடக்கத்தில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் லோகோ வந்தது. 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' வெளியாகி ஆசிரியர்கள் கைக்குக் கை மாறியது. பள்ளிகள் வாங்கிக் குவித்தன. ஆமை வந்தால் பிள்ளைகள் தானாகவே நன்றாக யோசிப்பார்கள் என்ற நம்பிக்கை பரவியது.

1984-ல் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். ஒரு வருடம் லோகோ படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும், வகுப்பறை வேலைகளை எந்த வரிசையில் முடிப்பது என்று திட்டமிடும் வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். லோகோ படித்தவர்கள் எந்த விதத்திலும் மேம்பட்டிருக்கவில்லை. பேப்பர்ட் 1987-ல் பதில் எழுதினார். லோகோ என்ன செய்யும் என்று கேட்பது, மரம் நல்ல வீடு கட்டுமா என்று கேட்பது மாதிரி. கட்டுகிறவனைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கேட்காமல் மரத்தை மட்டும் கேட்டு என்ன பயன்?

பதில் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் எனக்கு அது போதவில்லை. மரத்தை விற்றபோது வீடும் கூடவே வரும் என்றுதானே பலரும் நம்பினார்கள்? பேப்பர்ட் எழுதிய தொனியிலும் அந்த நம்பிக்கைக்கு இடம் இருந்தது. உருப்படியான பதில் அடுத்த வருடம் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. டேவிட் க்ளாரும் ஷரன் கார்வரும் பிள்ளைகளை ஆமையோடு சும்மா விடவில்லை. பிழையை எப்படித் தேடுவது என்பதைப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தார்கள். என்ன வர வேண்டியிருந்தது, என்ன வந்திருக்கிறது, வித்தியாசம் என்ன, அந்த வித்தியாசத்தை எந்த வரி உண்டாக்கியிருக்கும்? பிறகு கம்ப்யூட்டரே இல்லாமல், வழி சொல்லும் குறிப்புகள், பொருட்களை அடுக்கச் சொல்லும் குறிப்புகள் போன்றவற்றைத் தாளில் கொடுத்து, இதில் எங்கே தப்பு என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள் முன்பைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். அதாவது ஆமை தானாக எதையும் கற்றுத்தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சரியான கேள்வி கேட்க ஒரு ஆள் இருந்தபோது கற்றுத்தந்தது.

நம் ஊருக்கு லோகோ வந்து சேர்ந்தபோது அந்த ஆள் கூட வரவில்லை. நான் பயன்படுத்திய எம்எஸ்டபிள்யூ லோகோவில் ஆமையே கிடையாது, ஒரு சின்ன முக்கோணம்தான் நகரும். தரையில் ஓடிய உடல் முதலில் திரைக்குப் போனது, திரையில் அம்புக்குறியானது, கடைசியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நோட்டில் ஒரு அட்டவணையானது. இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் அதன் பயன். 'எஃப்டி'யின் விரிவு என்ன, 'பியூ'வின் விரிவு என்ன என்று கோடிட்ட இடத்தை நிரப்பினோம். மூன்று பேருக்கு ஒரு சிஸ்டம், வாரத்துக்கு ஒரு பீரியட், அதிலும் சார் போர்டில் எழுதிப்போட்டதை அப்படியே அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் படம் வரும். அப்படியானால் அங்கே யார் யாருக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள்?

ஒவ்வொரு படியிலும் ஆமை மலிவானது, ஒவ்வொரு படியிலும் இன்னும் அதிகப் பிள்ளைகளைத் தொட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. 2007-ல் எம்ஐடியிலிருந்தே வந்த ஸ்க்ராட்ச்சில் ஆமையின் இடத்துக்குப் பூனை வந்தது. இன்று பைத்தான் நிறுவினால் கூடவே ஒரு ஆமையும் வரும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி வந்தபின் தமிழிலேயே கட்டளை எழுதலாம். எல்லாம் இலவசம். வழியில் தொலைந்தது, 1970-ல்கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டியிராத ஒன்றுதான்: 'ஆமையா மாறி நடந்து பாரு' என்று சொல்வது. எம்ஐடியில் அத்தனை பெரிய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டும், முட்டிக்கொண்ட பிள்ளையிடம் முதலில் அதைத்தான் சொன்னார்கள்.

இப்போது ஆறுகோணம் வரையும் புரோகிராம் வேண்டும் என்று ஒரு வரி டைப் செய்தால் போதும், ஏஐ எழுதித் தந்துவிடுகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று பெற்றோர் கேட்கிறார்கள், என் ஆபீஸ் நண்பர்களும் கேட்கிறார்கள். என் அன்றாட வேலையே இப்போது பாதி அப்படித்தான் நடக்கிறது, அதனால் கேள்வியை ஒதுக்க முடியவில்லை. எழுதித் தருவது சரியாகவே இருக்கிறது, சதுரமும் சரி, முக்கோணமும் சரி. சேர்க்கும்போது கூரை எங்கே விழுந்தது என்று பார்க்க இப்போதும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் எங்கேயாவது ஒரு வயதில் அதைப் பழகியிருக்க வேண்டும்.

பழகுவதற்கு லேப் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி வராந்தா, ஒரு சாக்பீஸ், கட்டளை சொல்ல ஒரு பிள்ளை, அதை அப்படியே கேட்டு நடக்க இன்னொரு பிள்ளை. நடக்கிறவர் தன் புத்தியை உபயோகிக்கக் கூடாது, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. முதல் ஐந்து நிமிடத்திலேயே யாராவது சுவரில் போய் முட்டுவார்கள், வகுப்பே சிரிக்கும். அப்போது டீச்சர் சரியான விடையைச் சொல்லிவிடாமல், இப்போ ஆமை எங்கே நிக்குது, எந்தப் பக்கம் பாத்து நிக்குது என்று மட்டும் கேட்டால் போதும். லேபுக்குப் போவது அதற்கு அடுத்த வாரம் இருக்கட்டும்.